வீட்டுப் பேச்சும் பள்ளி எழுத்தும்: வாசகர் கேள்வி பதில்

(பள்ளியில் மொழி கற்பித்தல் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் சிலவற்றுக்கு, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் மொழிக்கல்வி கற்பித்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் விடையளிக்கிறார்.)

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் ‘நேத்து அம்மாயி வூட்டுக்குப் போயிருந்தனுங்க’ என்று சொன்னதற்கு, ‘கொச்சையாகப் பேசாதே, ஒழுங்கான தமிழில் சொல்’ என்று ஆசிரியர் கண்டித்தாராம். அன்றிலிருந்து அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றுகிறது. நான் என்ன செய்வது? (ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்)

பதில்: உங்கள் மகள் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. காலத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறது, நான்காம் வேற்றுமை உருபு உரிய இடத்தில் நிற்கிறது, வினைமுற்று தன்மை ஒருமையைச் சரியாகக் காட்டுகிறது. அதற்கும் மேலாக, கேட்பவர் ஆசிரியர் என்பதால் வினையின் இறுதியில் ‘ங்க’ என்று ஒரு மரியாதையும் சேர்ந்திருக்கிறது. ‘நேற்று அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன்’ என்னும் எழுத்து வழக்கில் அந்த மரியாதைக்கு இடமே இல்லை. பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கொங்கு நாடு கற்றுக்கொடுத்ததோ அப்படியே அந்தப் பிள்ளை பேசியிருக்கிறாள், அதற்குத்தான் கண்டிப்புக் கிடைத்திருக்கிறது.

பேராசிரியர் உட்படத் தமிழர் எவரும் வீட்டில் எழுத்துத் தமிழ் பேசுவதில்லை. இவ்வாறு ஒரே சமூகத்தில் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வழக்கு, வீட்டுக்கும் தெருவுக்கும் இன்னொரு வழக்கு என்று பிரிந்து நிற்பதை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியலார் அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல் ஆகிய நான்கை வைத்து இதை விரிவாக எழுதினார். அவற்றுள் கிரேக்கம் 1976இல் பழைய தூய வழக்கைப் பள்ளிகளிலிருந்து விலக்கிவிட்டு, பேச்சை ஒட்டிய வழக்கையே கல்விமொழியாக்கிக்கொண்டது. சுவிட்சர்லாந்திலோ இரண்டும் தொடர்கின்றன. அங்கே வங்கி மேலாளரும் வட்டார வழக்கிலேயே பேசுகிறார், அதனால் அவருடைய மதிப்பு ஒரு துளியும் குறைவதில்லை, பிள்ளைகளும் பள்ளியில் பொது ஜெர்மனை எழுதக் கற்றுக்கொள்கின்றனர். இரண்டு வழக்கு இருப்பது படிப்புக்குக் கேடு அன்று என்பதற்கு இது போதிய சான்று. அவற்றில் ஒன்றை இழிவென்று வகுப்பில் வைத்துச் சொல்லும்போதுதான் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

நம் மரபு இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. ‘வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்’ என்று பேச்சையும் இலக்கியத்தையும் இணையாக வைத்துத் தொடங்குகிறது தொல்காப்பியப் பாயிரம். வட்டாரச் சொற்களுக்குத் திசைச்சொல் என்று பெயரிட்டுச் செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களில் ஒன்றாகவும் அந்நூல் சேர்த்துக்கொண்டது. அதே நூலில் ‘வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே’ என்ற வரியும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. உங்கள் ஊர் ஆசிரியர் இரண்டாவது வரியின் வழி வந்தவர், அவ்வளவுதான். அவரும் கல்லூரிக்குப் போன முதல் நாளில் தம் பேச்சுக்காகச் சிரிக்கப்பட்டிருக்கக்கூடும். அப்படிப்பட்டவர்களே பெரும்பாலும் பிள்ளைகளிடம் மிகக் கடுமையாக இருக்கின்றனர் என்பது பயிற்சி வகுப்புகளில் நான் கண்டது.

எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடநூலும் தேர்வுத்தாளும் அந்த வழக்கில்தான் இருக்கின்றன, அதைக் கற்றுத்தராத பள்ளி ஏழைப் பிள்ளைக்குத்தான் துரோகம் செய்கிறது. ஆனால் அதைக் கற்பிக்க மிக நல்ல கருவி அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த வாக்கியமே. அதை அப்படியே கரும்பலகையின் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் எழுத்து வடிவத்தையும் எழுதி, என்ன மாறியிருக்கிறது என்று பிள்ளைகளையே கேட்கலாம். ‘நேத்து’ என்பது ‘நேற்று’ ஆயிற்று என்பார்கள். ‘காத்து’ எப்படி எழுதப்படும் என்று கேட்டால் ‘காற்று’ என்று உடனே வரும். ‘சோத்துல’, ‘ஆத்துல’ என்று அடுக்கிக்கொண்டே போனால், நாம் த்த என்று சொல்லும் சில இடங்களில் ற்ற என்று எழுத வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘பத்து’ மட்டும் ஏன் ‘பற்று’ ஆகவில்லை என்று யாராவது ஒரு குறும்புக்காரப் பையன் கேட்பான், அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் அன்றைய மொழிப்பாடம் வெற்றி பெற்றுவிட்டது என்று கொள்ளலாம். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, நல்ல பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பள்ளித் தமிழ் வீட்டில் பேச உதவாத தமிழாகிவிட்டால் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கே போய்விடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

நீங்கள் ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்ற செய்தியை மட்டும் முதலில் சொல்லுங்கள். யார் சரி என்ற வழக்கை அங்கே தொடங்க வேண்டாம். பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தங்கள் ஒரு சொல் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே தெரிவதில்லை.

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நிறையச் சேர்கின்றனர். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் மதிப்பீட்டில் அவர்கள் தொடர்ந்து ‘அரும்பு’ என்னும் அடிநிலையிலேயே இருக்கின்றனர். எனக்கு இந்தி தெரியாது. எப்படிக் கற்பிப்பது? (ஆசிரியை, திருப்பூர்)

பதில்: அந்த மதிப்பீடு காட்டுவது எதை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரியாமல் இருப்பதும் தமிழ் தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஒடிசாவில் இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்த பிள்ளை ஒடியாவில் சரளமாக வாசிக்கக்கூடும், அந்தப் பிள்ளையிடம் தமிழ்த் தாளைக் கொடுத்துவிட்டு ‘வாசிப்புத் திறன் இல்லை’ என்று குறித்தால் குறிப்புத்தான் தவறு. உங்களுக்கு இந்தி தெரியாதது பெரிய குறையும் அன்று. வடக்கிலிருந்து வந்தவர் எல்லாருக்கும் இந்தி தாய்மொழி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பீகாரிலிருந்து வந்த பிள்ளை வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ பேசலாம், ஒடிசாவிலிருந்து வந்தது சந்தாளி பேசும் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். சேர்க்கைப் பதிவேட்டில் ‘தாய்மொழி’ என்ற கட்டத்தில் இந்தி என்று எழுதுவதற்கு முன்பு, வீட்டில் பாட்டியிடம் எந்த மொழியில் பேசுவாய் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது எழுத்து. நம் பாடநூல் ஏற்கெனவே தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைக்காக எழுதப்பட்டது, ஆகையால் சில விஷயங்களை அது சொல்வதே இல்லை. ‘கண்’, ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘மகன்’ ஆகிய நான்கிலும் உள்ள க ஒரே எழுத்து. ஆனால் சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வல்லொலி, மெல்லினத்தை அடுத்து வரும்போது ஒரு மெல்லொலி, உயிர்களுக்கு நடுவே இன்னும் இளகிய ஓர் ஒலி. தமிழ்ப் பிள்ளைக்குச் சொல் தெரியும் என்பதால் ஒலி தானாக வருகிறது. இந்த ஒலிகளில் சிலவற்றுக்கேனும் தனித்தனி எழுத்து உள்ள மொழியிலிருந்து வந்த பிள்ளை ‘தங்கம்’ என்பதை வல்லொலியோடு வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அது மந்தம் அன்று, கண்ட எழுத்தை அப்படியே நம்பியதன் விளைவு. அந்த நான்கு சொற்களையும் படங்களோடு சுவரில் ஒட்டி இடத்துக்கு இடம் ஒலி மாறுவதைக் காட்டிவிட்டால், ச, ட, த, ப ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் அதே வழி செல்லும்.

அதேபோல் குறில் நெடில். இந்தி, வங்காளம், ஒடியா ஆகியவற்றில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் நம்மைப்போல் பொருள் மாற்றும் வேறுபாடு கிடையாது. ‘கொடி’யும் ‘கோடி’யும் அந்தக் காதுகளுக்கு ஒன்றாகவே கேட்கும். இதற்கு எழுத்துப் பயிற்சி பயன்படாது, காதுப் பயிற்சி வேண்டும். சொல்லைச் சொன்னதும் படத்தைத் தொடும் விளையாட்டு ஒன்றே சில வாரங்களுக்குப் போதும். மாறாக, நம் பிள்ளைகள் தடுமாறும் ஓர் இடத்தை இவர்கள் எளிதாகக் கடந்துவிடுவார்கள். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. வங்காளத்திலும் ஒடியாவிலும் ஏகாரக் குறி எழுத்துக்கு முன்னால்தான் வரும், ஓகாரக் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கும். ஆகவே ‘கோ’ என்ற வடிவம் அந்தப் பிள்ளைக்குப் பழகிய முகம். அந்த இடத்தில் அவனையே மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் செய்யுங்கள், வகுப்பில் அவன் நிலையே மாறிவிடும்.

முதல் சில மாதங்களுக்கு எழுத்தைவிடப் பேச்சுக்கு நேரம் கொடுப்பதும், பதிலைத் தன் மொழியில் சொல்ல அனுமதித்து, தெருவில் தமிழ் கற்றுவிட்ட மூத்த பிள்ளையை விட்டு எடுத்துச் சொல்ல வைப்பதும் பலன் தரும். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் தொடங்கிய ரோஷ்னி என்ற திட்டத்தில், இப்பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் வகுப்புக்கு வந்து, அவர்களுடைய மொழியையும் மலையாளத்தையும் மாற்றி மாற்றிப் பேசிக் கற்பித்தார்கள். பள்ளி நேரத்துக்கு முன்பாக நடந்த அந்த வகுப்போடு காலை உணவும் இருந்தது. கம்பெனி விடுதிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் பலர் தங்கியிருக்கும் திருப்பூரில் இதைச் செய்ய ஆள் கிடைக்காது என்று நான் நம்பவில்லை.

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு, ஆங்கிலவழி. வினாவிடைகளை மனப்பாடம் செய்து நன்றாக எழுதுகிறான், மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் பாடத்தில் ஒரு பத்தியை வாசித்துப் பொருள் சொல்லச் சொன்னால் விழிக்கிறான். தமிழும் எழுத்துக்கூட்டித்தான். தமிழ்வழிக்கு மாற்றினால் ஊரில் என்ன நினைப்பார்களோ என்று தயக்கம். (தந்தை, விழுப்புரம்)

பதில்: ஊர் நினைப்பதைப் பற்றிய உங்கள் தயக்கத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. வேலைச் சந்தையும் கல்யாணச் சந்தையும் ஆங்கிலவழிக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கும்போது, அதைப் பார்த்து முடிவெடுக்கும் பெற்றோரை மொழிப்பற்று இல்லாதவர் என்று பழிப்பது வயிறு நிறைந்தவர்கள் செய்யும் வேலை. 2012-13 முதல் நம் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில்தான் தர வேண்டும் என்று கர்நாடக அரசு தனியார் பள்ளிகளுக்கு இட்ட கட்டளையை 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் ‘நடைமுறைக்கு இயன்றவரை’ தாய்மொழி என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. ஆக, முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் மகனுக்கு நேர்ந்திருப்பது வேறு. ஆங்கிலவழி என்று பெயர் கொண்ட பல வகுப்புகளில் ஆசிரியர் தமிழில் விளக்குகிறார், பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப்போடுகிறார், பிள்ளை அதைப் பார்த்து எழுதி மனப்பாடம் செய்கிறது. இதில் தமிழ் வாசிப்பும் வளர்வதில்லை, ஆங்கில வாசிப்பும் வளர்வதில்லை. வாசித்துப் பொருள் கொள்வது என்ற திறன் ஒரு மொழியில் ஏற்பட்டுவிட்டால் அடுத்த மொழிக்கு அதைக் கொண்டுபோக முடியும், எந்த மொழியிலும் ஏற்படாதபோது கொண்டுபோக ஒன்றும் இருக்காது. நைஜீரியாவில் பாபதுண்டே ஃபஃபுன்வா தலைமையில் 1970இல் இஃபே பல்கலைக்கழகம் தொடங்கிய சோதனையில், ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டுகளும் தாய்மொழியான யொரூபாவிலேயே பாடம் நடத்தி, ஆங்கிலத்தைத் தனிப்பாடமாக மட்டும் கற்பித்தார்கள். பாதியில் ஆங்கிலவழிக்கு மாறிய வழக்கமான வகுப்புகளோடு ஒப்பிட்டபோது அப்பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முன்னே நின்றதோடு ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை.

பள்ளியை மாற்றாமலே நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாநிலப் பாடநூல்கள் இரண்டு வழியிலும் ஒரே பாடத்தோடு வருகின்றன, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. நாளை வகுப்பில் நடக்கப்போகும் அறிவியல் பாடத்தை இன்று இரவு தமிழ் நூலில் அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டியே வாசிக்கட்டும், இடையில் திருத்தாமல் கேளுங்கள், முடிந்ததும் என்ன புரிந்தது என்று பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் ஆங்கிலப் பக்கத்தைப் பார்க்கும்போது அதில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஓர் ஆண்டு இப்படிச் செய்தபின் வழியை மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.

கேள்வி: நான் இருளர் இனத்தைச் சேர்ந்தவன், பி.எட். படிக்கிறேன். எங்கள் மொழிக்கு எழுத்து இல்லாததால் அது தனிமொழி அன்று, தமிழின் சிதைந்த பேச்சு என்று வகுப்பில் சொல்லப்பட்டது. எழுத்தில்லாத மொழியில் கல்வி தர முடியுமா? (மாணவர், கோத்தகிரி)

பதில்: எழுத்து என்பது மொழிக்குப் பிற்காலத்தில் வாய்த்த ஒரு வசதி. துருக்கி 1928இல் அரபு எழுத்தை விட்டு ரோமன் எழுத்துக்கு மாறியபோது துருக்கியர் வேறு மொழி பேசத் தொடங்கிவிடவில்லை. இந்தியும் மராத்தியும் ஒரே நாகரி எழுத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, கொங்கணியோ ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளில் எழுதப்படுகிறது. மதுரைச் சௌராஷ்டிரருக்குச் சொந்த எழுத்து உண்டு, 2008இல் அது யூனிகோடிலும் இடம் பெற்றது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் தமிழ் எழுத்தில்தான் எழுதுகின்றனர். சொந்த எழுத்து இருப்பதோ இல்லாததோ மொழியின் தகுதியைத் தீர்மானிப்பதில்லை.

இருள மொழி தென்திராவிடக் கிளையில் தமிழுக்கு நெருங்கிய உறவுடைய தனிமொழி என்பதைச் செக் நாட்டு மொழியியலார் கமில் சுவெலபில் 1970களில் விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்தில் அடங்காத நடுநா உயிரொலிகள் அதில் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழைக் கற்றவர் ஒருவர் அதைக் கேட்டுப் பாதி புரிந்துகொள்வதால், புரியாத பாதியைச் சிதைவு என்று சொல்லிவிடுகிறார். நீலகிரியில் தொதவர், கோத்தர், படகர், குறும்பர், பணியர், இருளர் என்று ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை மொழிகள் இருந்தும் அரசின் கணக்கில் அவை தெளிவாகத் தெரிவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசும் 121 மொழிகளைப் பட்டியலிட்டது. அதில் இருளம் தமிழின் கீழும், படகர் மொழி கன்னடத்தின் கீழும், சௌராஷ்டிரம் குஜராத்தியின் கீழும் தொகுக்கப்பட்டன. பட்டியலில் தனிப்பெயர் இல்லாத மொழிக்குப் பாடநூல் கேட்டு யார் போவது?

கல்வி தர முடியுமா என்றால், முடியும். சந்தாளிக்கு 1925இல் ரகுநாத் முர்மு ஒல் சிக்கி என்ற எழுத்தை உருவாக்கினார், 2003இல் அம்மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஒடிசா அரசு 2006-07ஐ ஒட்டிப் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. அவற்றில் பலவற்றை ஒடியா எழுத்திலேயே எழுதி, படிப்படியாகப் பிள்ளைகளை ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்வது திட்டம். ஆனால் இந்த வழி கரடுமுரடானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள் கொண்ட பப்புவா நியூகினி 1990களில் தாய்மொழிக் கல்வியைத் துணிந்து தொடங்கி, 2013இல் ஆங்கிலத்துக்குத் திரும்பியது. பிலிப்பைன்ஸ் பத்தாண்டுக்கும் மேலாக நடத்திய தாய்மொழிவழித் திட்டத்தை 2024இல் சட்டம் போட்டு நிறுத்தியது. நூல்கள் போதவில்லை, ஆசிரியருக்குப் பயிற்சி போதவில்லை, ஒரே வகுப்பில் பல மொழிப் பிள்ளைகள் இருந்தனர். இவை தாய்மொழிக் கல்வி தவறு என்பதற்குச் சான்றல்ல, ஏற்பாடு செய்யாமல் ஆணை மட்டும் போட்டால் என்னவாகும் என்பதற்கே சான்று.

நீங்கள் ஆசிரியராகப் போகிறவர். உங்கள் ஊர்ப் பள்ளியின் முதல் வகுப்பில் இருள மொழியில் கதை சொல்ல எந்த ஆணையும் தேவையில்லை. பிள்ளைகள் சொல்லும் கதையைத் தமிழ் எழுத்தில், தேவையான இடத்தில் ஒரு புள்ளியோ கோடோ சேர்த்து, அட்டையில் எழுதி வைத்தால் அதுவே அவர்களுடைய முதல் வாசிப்பு நூல். இதை இருளர் அல்லாத ஓர் ஆசிரியர் எளிதில் செய்துவிட முடியாது. உங்கள் மொழியைச் சிதைவு என்று சொன்னவராலும் முடியாது.

கேள்வி: நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம், பிள்ளைகள் தெலுங்குவழிப் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ் கட்டாயம் என்பதை எதிர்த்தால் தமிழ்ப் பகைவர் என்கிறார்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழ் படிக்கமாட்டோம் என்பது சரியா? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: தமிழ் படிக்க மாட்டோம் என்பது சரியன்று, உங்கள் பிள்ளைகளுக்கே நட்டமும்கூட. வட்டாட்சியர் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் அவர்களுக்குத் தமிழ் வேண்டும். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் சென்று தமிழ்த்தாளிலிருந்து விலக்குப் பெற்றன. பத்தாண்டு அவகாசம் இருந்தும் அப்பள்ளிகள் பலவற்றில் தமிழாசிரியர் இல்லாமல் போனது யார் குற்றம் என்பதை இரு தரப்பும் நேர்மையாகப் பேசவில்லை என்பது என் கருத்து.

ஆனால் பிள்ளை முதன்முதலாக வாசிக்கப் பழகும் மொழி தெலுங்காக இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம். அரசியலமைப்பில் 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர வேண்டும் என்று மாநிலங்களிடம் சொல்கிறது. தில்லியிடம் நமக்கென்று கேட்கும் உரிமையை ஓசூரிலும் வாணியம்பாடியிலும் மற்றவர்க்குக் கொடுக்கத் தயங்கினால், நம் வாதத்தின் வலு நம்மாலேயே குறையும்.

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. கையெழுத்து மட்டும் போடுவார். அவர் எழுத்தறிவு பெற்றவர் கணக்கில் வருவாரா? இந்த வயதில் கற்றுக்கொடுக்க முடியுமா? (ஒரு மருமகள், அறந்தாங்கி)

பதில்: வரமாட்டார். ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர், ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவரை எழுத்தறிவு பெற்றவராகக் கொள்ளும். படிக்கத் தெரிந்து எழுதத் தெரியாதவரும் அதில் சேரமாட்டார். 2011இல் தமிழ்நாட்டின் விகிதம் 80.09 விழுக்காடு. உங்கள் மாமியார் வெளியே நின்ற ஐந்தில் ஒருவர்.

கற்றுக்கொடுக்க முடியுமா என்று புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்தே கேட்கிறீர்களே! 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே கல்குவாரிப் பெண்களையும் வயல்வேலைப் பெண்களையும் எழுத வைத்தது, சைக்கிளும் ஓட்ட வைத்தது. மாலை மையங்களுக்குத் தாங்களே போய்வர முடிந்ததும், தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் ஆண்துணையை எதிர்பார்க்க வேண்டாமல் போனதும் எழுத்தோடு சேர்ந்து வந்தவை. பள்ளிக்கூடமே இல்லாமலும் எழுத்தறிவு பரவும். லைபீரியாவில் வை மக்கள் தங்களுக்கென்று உள்ள ஓர் எழுத்தை உற்றார் உறவினரிடமே கற்றுக்கொண்டு, கடிதத்துக்கும் கணக்குக்கும் பயன்படுத்தி வந்ததை சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் ஆராய்ந்து 1981இல் வெளியிட்டனர். எழுதத் தெரிந்துவிட்டால் மனிதரின் சிந்தனையே அடியோடு மாறிவிடும் என்ற பெருமிதப் பேச்சுக்கு அவர்கள் ஆதரவு தரவில்லை. எழுத்தை எதற்குப் பயன்படுத்துகிறோமோ அந்த வேலையில் கை தேறுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது.

ஆகவே அவருக்கு எதை வாசிக்க ஆசை என்று கேட்டுத் தொடங்குங்கள். பேருந்தின் பெயர்ப்பலகையா, கைப்பேசியில் வரும் ரேஷன் குறுஞ்செய்தியா, பாஸ்புக்கா, வாரப் பத்திரிகையின் ராசிபலனா, எதுவானாலும் சரி. அ, ஆ என்று முதலிலிருந்து வரிசையாகப் போக வேண்டிய கட்டாயமில்லை. தம் பெயரில் உள்ள எழுத்துகள் அவருக்கு முன்பே தெரியும், அவற்றை வைத்தே வேறு சொற்களை உண்டாக்கலாம். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் மையம் உங்கள் ஊர்ப் பள்ளியில் நடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். நடந்தால் அங்கே அனுப்புவதே நல்லது. மாமியார் எழுதியதை மருமகள் சிவப்பு மையால் திருத்துவது, மெய்யெழுத்தைவிடச் சிக்கலான விவகாரம்.